இரண்டு யானைவெடி

பிரிட்டனில், சட்டன் என்ற ஊரில், ஜம்புநாதன் வீட்டுச் சோபாவில் உட்காருவது சுலபம். எழும்புவதற்குத்தான் ஆள் பிடிக்க வேண்டும். ரதீசன் மூன்று மணிக்கு அதில் அமிழ்ந்தவன். முழங்காலை முட்டிக்கொண்டு கண்ணாடி மேசை, மேசையில் ஒரு தட்டு சீடை, அதற்கப்பால், இவனுக்கும் வாசலுக்கும் நடுவே, ஜம்புநாதன்.

வாசலில் அவருடைய பலகை தொங்கியது: 'சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர், சட்ட ஆராய்ச்சியாளர்.' முதலாவதற்கு ஒரு கல்லூரி சான்றிதழ் கொடுத்திருந்தது. இரண்டாவதை வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வாரம் அவரே தனக்கு வழங்கிக்கொண்டார்.

ரதீசனின் சட்டைப்பையில் ஒரு கடிதம். அவன் மனைவி பிறேமினியும் பிள்ளைகளும் பிரிட்டிஷ் பிரஜைகள். விமான நிலையத்தில் அவர்கள் பாஸ்போர்ட்டை மெசினில் வைத்துவிட்டுப் போய், பெட்டி எடுத்து, கோப்பியும் குடித்து முடிக்கிற வரைக்கும் இவன் மற்ற வரிசையில் நிற்பான். அந்த வரிசையை விட்டு வெளியே வரத்தான் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டான். 'எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா?' என்று கேட்டிருந்தார்கள். உண்மை சொல்லுகிற பழக்கத்தால் 'ஓம்' என்று எழுதிவிட்டான்.

நடந்தது இவ்வளவுதான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வன்னியில், யானைகள் வயலுக்குள் இறங்குகின்றன என்று வனவிலங்கு அலுவலகம் கமக்காரருக்கு யானைவெடி கொடுத்தது. தகப்பன் பெயரில் கொடுத்த இரண்டை மகன் சைக்கிளில் கொண்டுபோனான். வழியில் பொலிஸ் மறித்தது. அனுமதிப் பத்திரத்தில் பெயர் வேறு. நீதவான் ஒரு சின்னத் தண்டம் விதித்து வீட்டுக்கு அனுப்பினார். தமிழில் இருந்த அந்தத் தீர்ப்பை ஜம்புநாதன் ஆங்கிலமாக்கினார். யானைவெடி 'எலிஃபன்ட் பாம்' ஆனது.

கடிதம் மரியாதையாகத்தான் கேட்டது. 'உங்களிடம் இருந்த இரண்டு எலிஃபன்ட் பாம் குறித்து, மொழிபெயர்த்தவரே உறுதி செய்த விளக்கத்தை இன்ன தேதி மாலை ஐந்து மணிக்குள் பதிவேற்றவும்.' மொழிபெயர்த்தவர் மூன்று வாரமாக நார்வேயில் கப்பல் சுற்றுலாவில் இருந்தார். வந்து சேர்ந்தது நேற்று. இன்ன தேதி இன்று.

"சட்டம்ங்கிறது ஒரு நதி ரதீசன்," என்றார் ஜம்புநாதன். "உற்பத்தி எங்கன்னு தெரியாம குளிக்கக் கூடாது. ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தஞ்சு. இந்த நாட்டு வெடிபொருள் சட்டம். அதுக்கு முன்னாடி வெடிமருந்து வைக்கறது எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"தெரியாது சேர். எனக்கு அந்த ஒரு சொல்லை மட்டும்..."

"வரேன். அங்கேருந்து எண்பத்துநாலுல இந்தியாவுக்குப் போவுது."

சட்டம் கப்பலேறி இந்தியாவுக்குப் போனது. போகிற வழியெல்லாம் துறைமுகத்துக்குத் துறைமுகம் நின்றது. இலங்கைக்கு வந்து ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறில் நங்கூரம் போட்டபோது மணி நாலடிக்கப் பத்து நிமிடம்.

"சேர், அது குண்டில்லை," என்றான் ரதீசன். "திரியைக் கொளுத்தி எறிஞ்சா பெரிசாச் சத்தம் போடும். யானை ஓடும். யானைக்கு ஒண்டும் நடக்காது. எறியிற ஆளுக்குத்தான் சிலவேளை கை போகும்."

"கை போகும்கறீங்க. அப்புறம் பாம் இல்லேங்கறீங்க."

"எங்கட ஆக்கள் எல்லாத்தையும் வெடி எண்டுதான் சொல்லுறது சேர். கலியாணத்துக்குக் கொளுத்துற சீனவெடியும் வெடிதான். துவக்குச் சூடும் வெடிதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. ஜம்புநாதன் மெல்ல மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"துப்பாக்கிச் சூடும் வெடியா? அப்போ துப்பாக்கிச் சட்டமும் உள்ள வருதே. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாறு. சபாஷ். இதை நான் யோசிக்கலை." பேனாவை எடுத்தார்.

"ஐயோ சேர், அதை எழுதாதேங்கோ."

"உண்மையை மறைக்கச் சொல்றீங்களா?"

ரதீசன் எழும்பப் பார்த்தான். சோபா விடவில்லை. இரண்டு கடிகாரம் அந்த அறையில். இரண்டும் அவனைப் பார்த்தபடி இருந்தன. இந்த மனுசனோடு கோபிக்கவும் ஏலாது, கையெழுத்து அவருடையது. கெஞ்சினால் இன்னுமொரு நூற்றாண்டு பின்னுக்குப் போய்விடுவார்.

ஜம்புநாதனின் மனைவி வத்சலா காபியோடு வந்தார். சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"என்னங்க, கௌசிக் பொறந்த வருஷம் தீபாவளிக்கு நம்ம மொட்டை மாடியில என்ன வெடிச்சீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்களேன்."

ஜம்புநாதன் காபியைப் பார்த்துச் சொன்னார். "அணுகுண்டு."

"எத்தனை?"

"ஒரு பெட்டி."

"பெட்டிக்குப் பத்து. குடியிருக்கற இடத்துல பத்து அணுகுண்டு போட்ட ஆளுக்கு இந்த ஊர்ல பாஸ்போர்ட் குடுத்திருக்காங்க. இவர் கையில இருந்தது ரெண்டு யானைவெடி. அதுவும் கவர்மென்ட் குடுத்தது."

"அது சிவகாசிச் சரக்கு வத்சலா. வெறும் பேரு."

"இதுவும் பேருதான்."

ரதீசன் சீடையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான். சிரித்தால் கெட்டது. ஜம்புநாதன் காபியைக் குடித்து முடித்தார், டம்ளரைத் திருப்பிப் பார்த்தார், எழுந்து கணினிக்குப் போனார்.

"தப்புன்னு ஒண்ணும் இல்லை," என்றார் போகிற போக்கில். "செம்மைப்படுத்தறேன். 'எலிஃபன்ட் கிராக்கர்'னு போட்டு, அரசாங்கமே பயிர் காக்கக் குடுத்ததுன்னு ஒரு வரி சேர்க்கறேன். போதுமா?"

"காணும் சேர். நல்லாக் காணும்."

நாலரைக்கு அச்சு இயந்திரம் முனகத் தொடங்கியது. ஒரு தாள் வந்தது. ரதீசன் கையை நீட்டினான். இயந்திரம் நிற்கவில்லை. இரண்டு வந்தது, ஐந்து வந்தது, தட்டு நிரம்பிக் கம்பளத்தில் விழுந்தது.

"என்ன சேர் இது?"

"பின்னிணைப்பு. பின்னணி இல்லாம அவங்களுக்கு ஒரு வார்த்தை எப்படிப் புரியும்? ரொம்ப நாளா எழுதி வெச்சிருந்தேன். சரியான வாசகன் அமையலை."

"எனக்கு முதல் பக்கம் மட்டும் போதும் சேர்."

"முத்திரை கடைசிப் பக்கத்துலதான் வரும். அதான் முறை." பொத்தென்று குத்தினார்.

ரதீசன் முதல் தாளின் அடியைப் பார்த்தான். '38 பக்கங்களில் பக்கம் 1.' எலிஃபன்ட் கிராக்கர், பயிர், அரசாங்கம், எல்லாம் அச்சொட்டாக இருந்தது. இதை மட்டும் அனுப்பினால் மற்ற முப்பத்தேழும் எங்கே என்று கேட்பார்கள். ஒன்றும் அனுப்பாவிட்டால் நாளைக் காலையில் அவன் இரண்டு எலிஃபன்ட் பாம் வைத்திருந்த ஆள்.

இரண்டாம் பக்கத்தின் முதல் வரியை எழுத்துக்கூட்டி வாசித்தான். '1605-ஆம் ஆண்டு, இந்நாட்டுப் பாராளுமன்றத்தின் அடியில் முப்பத்தாறு பீப்பாய் வெடிமருந்தை வைத்து...'

"சேர், இது கட்டாயம் வேணுமே?"

"அதுதான் தொடக்கப் புள்ளி."

வேறு வழியில்லை. ஜம்புநாதன் பக்கம் பக்கமாகப் பிடித்துக் கொடுக்க, ரதீசன் சோபாவுக்குள் இருந்தபடியே கைபேசியால் படமெடுத்தான். பதினேழாம் பக்கத்தில் ஒரு பீப்பாயின் குறுக்குவெட்டுப் படம் கூட இருந்தது. அவரே வரைந்தது. அதற்குக் கீழேயும் ரதீசனின் விண்ணப்ப எண்ணை மறக்காமல் போட்டிருந்தார்.

நாலு ஐம்பத்தேழுக்கு அனுப்பினான். 'உங்கள் ஆவணம் கிடைத்தது' என்று திரையில் வந்தது.

"பாருங்க," என்றார் ஜம்புநாதன், நிறைவோடு. "இதைப் படிச்சதும் உங்க ஃபைல் மேல அவங்களுக்கு ஒரு தனிக் கவனம் வரும்."

"ஓம் சேர்," என்றான் ரதீசன். "வராமல் விடாது."