இடது சக்கரத்தின் மரை

“அப்போ சக்கரம் தானாக் கழண்டு தானா உருண்டு போச்சு. அப்படித்தானே சொல்லுகே?”

“தானா எப்படிக் கழலும் அண்ணாச்சி? நான் அப்படிச் சொல்லலியே.”

“பின்ன என்னதாம்லே சொன்னே? மக்கா, இன்னும் ஒரு அரைச் சுத்து திருப்பு. இவனுக்கு வாய் முழுசாத் திறக்கல.”

வைஸின் கைப்பிடி அரைச் சுற்று இறங்கியது. வேலை மேசையில் பூட்டியிருந்த அந்த இரும்புப் பிடியின் இரண்டு தாடைகளுக்கு நடுவே அல்போன்ஸின் வலது கை மாட்டியிருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே ஏதோ ஒன்று காய்ந்த ஓலை மட்டைபோல முறிந்தது. அவன் அலறினான். அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பி அவன் மேலேயே விழுந்தது.

வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. தமிழகத்தோடு சேரக் கேட்ட போராட்டக்காரர்கள்மேல் மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த நாளிலிருந்து நாகர்கோவில் கடைகள் திறப்பதும் அடைப்பதுமாக இருந்தன. அன்றைக்கு அடைப்பு. வடசேரித் தெருவில் ஒரு நாய்கூட நடக்கவில்லை. பட்டறைப் பையன்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, எண்ணெய் துடைக்கலாம் என்று அல்போன்ஸ் மட்டும் வந்திருந்தான். அப்போதுதான் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள், அஞ்சுகிராமத்துப் பொன்னுலிங்கமும் அவர் மகன் வைகுண்டராஜனும். கதவை உள்ளே தாழ்போட்ட பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். முதல் பேச்சே அடிதான். அல்போன்ஸின் இடது காதுக்குள் இன்னும் ஒரு வண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

எதற்காக வந்தார்கள் என்று அல்போன்ஸ் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதை அது. ஞாயிற்றுக்கிழமை, ஆவணித் திருவிழாவுக்குச் சுவாமித்தோப்புக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸின் முன்பக்க இடது சக்கரம் கழன்று ஓடியது. பஸ் மூக்கு குத்திக் குளத்தில் சாய்ந்தது. பலருக்குக் கை கால் ஒடிந்தது. செத்தது ஒருத்திதான், பொன்னுலிங்கத்தின் மனைவி தாணம்மாள். முந்தின வாரம் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பார்த்து, திரும்ப மாட்டியது அல்போன்ஸ்.

கைப்பிடியைப் பிடித்திருந்த வைகுண்டராஜன் அதே பஸ்ஸின் கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்து மாதம் திரும்பவில்லை. இருபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் நாமம் வியர்வையில் கரைந்து மூக்கின் பக்கமாக வழிந்திருந்தது. அழுதுகொண்டேதான் திருப்பினான். அழுகிறவன் கையில் இருக்கிற பலம் வேறு யார் கையிலும் இருக்காது என்று அல்போன்ஸுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அந்த வைஸைக் கொச்சியில் போய்ப் பார்த்து வாங்கியவன் அவன்தான். அதன் தண்டைச் சுற்றி ஓடும் திருகு வரி சதுர மரை. போல்ட்டிலும் திருகாணியிலும் இருப்பது கத்தி முனைபோலக் கூராக வெட்டிய மரை; அது ஒன்றோடு ஒன்று கடித்துப் பிடித்துக்கொள்வதற்கு. சதுர மரை பிடிப்பதற்கல்ல, தள்ளுவதற்கு. லாரியைத் தூக்கும் ஜாக்கியிலும் எண்ணெய் பிழியும் அழுத்தியிலும் அதைத்தான் வெட்டுவார்கள். ஒரு சுற்றுக்குக் கால் அங்குலம் நகரும். கையை எடுத்தாலும் பின்வாங்காது. எத்தனையோ பேரிடம் அதை அவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். இன்னும் அரைச் சுற்றுத் திருப்பினால் தன் கையில் என்னென்ன போகும் என்று கணக்குப் போடத் தெரிந்ததுதான் இப்போது அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அது வலது கை. ஸ்பேனரும் அரமும் பிடிக்கிற கை. அது இல்லாவிட்டால் அவன் இல்லை.

“இங்கிலீஷ் நட்டை அமெரிக்கன் போல்ட்டுல போட்டு முறுக்கி அனுப்புனியாமே,” என்றார் பொன்னுலிங்கம். “உன்னைப்போல பட்டறை வச்சிருக்கிறவன் ஒருத்தன்தான் சொன்னான். மரை மாறிப்போச்சு, அதுதான் கழண்டுதுன்னு.”

“அவனுக்குத் தொழிலும் தெரியாது, வெக்கமும் கிடையாது.” அல்போன்ஸ் மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினான். “அது உலகச் சண்டைக்கு வந்த அமெரிக்கன் லாரி அண்ணாச்சி. ஏலத்துல எடுத்து மேல கூடு கட்டி பஸ்ஸாக்கினது. அரை அங்குல போல்ட்டுன்னா இங்கிலீஷ்காரன் ஒரு அங்குலத்துக்குப் பன்னிரண்டு வரி வெட்டுவான், அமெரிக்காக்காரன் பதிமூணு வெட்டுவான். இதை அதுல போட்டா ரெண்டு சுத்து ஏறும். மூணாவது சுத்துல கடிச்சுக்கிட்டு நிக்கும். அதுக்கு மேல மிதிச்சு ஏத்தினா மரை சிதஞ்சு இரும்பு தூளாக் கொட்டும். பொய்யின்னா அந்த நட்டைக் கொண்டாங்க, பாப்போம்.”

“கொண்டாந்திருக்கேன்லே. என்னன்னு நினைச்சே? அவ விழுந்த இடத்துலேர்ந்து ரோடு முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினேன்.”

பொன்னுலிங்கம் தோளில் கிடந்த சாக்குப் பையை மேசைமேல் கவிழ்த்தார். நட்டுகள் உருண்டன. கூடவே வேரோடு முறிந்த ஒரு போல்ட்டும் விழுந்தது. ஒரு நட்டின்மேல் காய்ந்த சேறும் ஒற்றை நரைமயிரும் ஒட்டியிருந்தன. பொன்னுலிங்கம் அந்த மயிரைப் பார்த்தார். பிறகு அல்போன்ஸின் வாயில் குத்தினார். பல் ஒன்று உதட்டுக்குள் போய்க் குத்தி நின்றது.

அவன் இடது கையால் ஒரு நட்டை எடுத்து, கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் பிடித்தான். பார்த்தேயிராத ஏதோ ஒரு தேசத்தில் பனி பெய்வதுபோல வெளிச்சத்தில் இரும்புத் தூசி மிதந்தது. நட்டின் உள்ளே வரிகள் சுத்தமாக இருந்தன. இன்னொன்றை எடுத்தான். அதுவும் அப்படித்தான். எந்த வரியும் சிதையவில்லை, நசுங்கவில்லை. நட்டுகளின் வெளிப்புறம் மட்டும் வெள்ளைச் சாயம். அதன் அடியில், அவன் வைத்த சிவப்புப் பொட்டின் ஒரு துணுக்குத் தெரிந்தது.

“மரை போகல,” என்றான் ரத்தத்தைத் துப்பிவிட்டு. “ஒண்ணுகூடப் போகல. இதை ஆள் கழட்டியிருக்கு.”

வெளியே வண்டி மாடு மணியை ஆட்டியது.

“ஆளா?” பொன்னுலிங்கத்தின் குரல் இறங்கிப்போனது. கத்தியபோது இருந்ததைவிட அது பயங்கரமாக இருந்தது. “எவன்?”

“அதெப்படிப்பா?” என்றான் வைகுண்டராஜன். “அன்னைக்கிக் காலையில நான்தானே எல்லாச் சக்கரமும் பாத்தேன். பழைய டிரைவர் தங்கச்சி வீட்டுக்கு மேற்கே போனவரு, வழியெல்லாம் கலவரம்னு வரவே இல்ல. வேற டிரைவர் வந்ததும் நேரம் கழிச்சு. பழைய டிரைவரு தினமும் ஒவ்வொரு நட்டா முறுக்கிப் பாக்கிறதை நான் பாத்திருக்கேன். அம்மை வாற வண்டியாச்சேன்னு நானே பாத்தேன். ஸ்பேனரைப் போட்டு மேல ஏறி நின்னே மிதிச்சேன். கிறீச்சுன்னு ஒரு கால் சுத்து இறுகிச்சு, எல்லா நட்டும். எங்கேயும் ஆட்டம் இல்ல.”

அல்போன்ஸ் கையில் இருந்த நட்டைக் கீழே வைத்தான்.

அந்த லாரிகளில் இடது பக்கத்துச் சக்கரங்களுக்கு மட்டும் மரை எதிர்த் திசையில் ஓடும். சக்கரம் உருளுகிற உருட்டிலேயே நட்டு கழன்றுவிடாமல் இருக்க அமெரிக்காக்காரன் செய்த ஏற்பாடு அது. வலது பக்கம் எப்படி முறுக்குவோமோ, அதற்கு நேர் எதிராக இடது பக்கம் முறுக்க வேண்டும். பழைய டிரைவருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இடது நட்டுகளில் அல்போன்ஸ் சிவப்புப் பொட்டு வைப்பது. திருவிழாவுக்குப் போகிற வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பஸ் முதலாளி சக்கரங்களுக்கு வெள்ளை அடித்துவிட்டார். பொட்டு மூடிப்போயிற்று. இந்தப் பையன் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக மிதித்திருக்கிறான். வலது சக்கரம் இறுகியது. இறுகிக் கிடந்த இடது நட்டுகள் கிறீச்சென்று ஒரு கால் சுற்றுத் தளர்ந்தன. மீதியைக் குண்டும் குழியுமான ரோடு பார்த்துக்கொண்டது.

“ஆரு கழட்டினான்னு கண்டுபிடிச்சா என்ன செய்யணும் தெரியுமாலே?” பொன்னுலிங்கம் மகனைப் பார்த்துத்தான் சொன்னார். “உன் அம்மையை நம்ம வழக்கப்படி வடக்கே பாக்க உக்கார வச்சு மண்ணு போட்டோம். அந்த மண்ணு இன்னும் காயல. சக்கரத்தைத் தொட்ட கை எதுவோ, அதை வெட்டி அவ காலடியில புதைக்கணும். அது வரைக்கும் எனக்குச் சோறு இல்ல.”

“நானே வெட்டுகேன்பா,” என்றான் மகன்.

அல்போன்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். பேர் நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் வைஸின் தாடை திறக்கும். மிச்சக் கை மிஞ்சும். ஒரே ஒரு பேர்.

“இவனுக்குத் தெரிஞ்சு போச்சு!” பொன்னுலிங்கம் அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் அடித்தார். நட்டுகள் துள்ளின. “மூஞ்சியைப் பாரு. தெரிஞ்சு போச்சு இவனுக்கு. ஆருலே? சொல்லு. உன் கூட்டாளியா? உன் பட்டறைப் பயலா?”

“அண்ணாச்சி… விட்டுருங்க.”

“ஆரு?”

மூக்கிலிருந்து வழிந்தது வாய்க்குள் போயிற்று. பொன்னுலிங்கம் மேசையில் கிடந்த நீள ஸ்பேனரை எடுத்து அவன் முட்டியில் ஒரு அடி, விலாவில் ஒரு அடி. மூன்றாவது ஓங்கிய கை பாதியில் நின்றது.

“சரி. ஆளைக் காப்பாத்துகான். காப்பாத்தட்டும்.” ஸ்பேனரை எறிந்தார். “வண்டியில வைக்கோலுக்கு அடியில வெட்டுகத்தி கிடக்கு. எடுத்துட்டு வாறேன். நான் உள்ளே வரும்போது பேரு வரணும். இல்லேன்னா இந்தக் கைதான் அந்தக் கை. மக்கா, பிடியை விடாதே.”

தாழ் விலகியது. வெயில் ஒரு பலகைபோல உள்ளே விழுந்து நின்றது.

“சொல்லிருங்க மேஸ்திரி,” என்றான் வைகுண்டராஜன் கைப்பிடியைப் பிடித்தபடி. “அப்பா சொன்னாச் செய்துருவாரு. எவனுக்காக நீங்க சாவணும்? எங்க அம்மையைக் கொன்னவனுக்கா?”

“மக்கா, நீ போயிரு. அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போ.”

“பேரைச் சொல்லுங்க, போறேன்.”

“வேண்டாம்.”

“சொல்லும்வே!” அவன் கைப்பிடியில் கால் சுற்று இறக்கினான். இன்னொரு விரல் போயிற்று. அல்போன்ஸின் கண் முன்னால் எல்லாம் வெளுத்து, மெல்லத் திரும்பி வந்தது. வலி மனிதனை நல்லவனாக வைத்திருப்பதில்லை. அவன் வாயை மீறி வார்த்தை வந்துவிட்டது.

“அந்தப் போல்ட்டை எடு.”

“என்னது?”

“முறிஞ்ச போல்ட்டை எடுலே. அது அந்த இடது சக்கரத்துப் போல்ட்டு. நட்டை அதுல வச்சு, அன்னைக்கி மிதிச்சியே, அதே பக்கமாத் திருப்பு.”

வைகுண்டராஜன் ஒரு கையால் போல்ட்டை எடுத்து இடுப்பில் முட்டுக்கொடுத்து, நட்டை நுனியில் வைத்து வலப்பக்கமாகத் திருப்பினான். நட்டு ஏறவில்லை. வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றியது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தான். மறுபடியும் சுற்றியது. கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு, யாரோ அவன் விரலைப் பிடித்துத் திருப்பியதுபோல, மெல்ல இடப்பக்கமாகத் திருப்பினான். நட்டு எண்ணெயில் நழுவுவதுபோல ஏறியது. ஏறி ஏறி அடிவரை போயிற்று. மறுபடியும் வலப்பக்கமாகத் திருப்பினான். இறங்கி வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது.

விரல்களை அதன்மேல் மூடினான். அழுகை நின்றுபோயிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. நாமம் வழிந்த வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது.

“கிறீச்சுன்னுச்சு மேஸ்திரி,” என்றான். “இறுகுதுன்னு நினைச்சேன். அம்மை பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. பத்திரமா ஏறி மிதிலேன்னு சொன்னா.”

“உனக்குத் தெரியாது மக்கா. தெரிஞ்சா செய்தே?”

“அப்பாகிட்டத் தெரியாதுன்னு சொன்னா விடுவாரா?”

வெளியே வைக்கோலைப் புரட்டி வீசுகிற சத்தம் கேட்டது. பிறகு இரும்பு வண்டிச் சட்டத்தில் உரசியது.

“இதைத் தளர்த்து,” என்றான் அல்போன்ஸ். “மொதல்ல என் கையை விடு. பிறகு பேசலாம்.”

வைகுண்டராஜன் கைப்பிடியைப் பிடித்தான். இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. வாசலில் விழுந்து கிடந்த வெயிலில் ஒரு நிழல் நீண்டது. பையன் குனிந்து, அல்போன்ஸின் ரத்தம் வழிகிற காதோடு வாயை வைத்தான்.

“மேஸ்திரி, அவருக்கு இனி நான் ஒருத்தன்தான். உங்க கால்ல விழுகேன். நீங்கதான் தப்பா முறுக்கினீங்கன்னு சொல்லிருங்க.”