பாடமாக்கிய விடை

நான் பார்த்து எழுதினேன் என்று பல்கலைக்கழகம் சொல்லும் விடையை எழுதியவனே நான்தான்.

உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் என்ன செய்கிறது என்பது கேள்வி. 1995 டிசெம்பர், இரண்டாம் வருட உயிரியல். பேராசிரியர் எட்டுக் கேள்விகளை முன்கூட்டியே தந்து, அவற்றில் மூன்று வரும் என்று சொல்லியிருந்தார். எட்டுக்கும் நான் விடை எழுதினேன். ரெக்ஸ்டேலில் பாண் சுடும் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. இடைவேளைகளில், மா படிந்த மேசையில், ஒரு நீலமட்டைக் கொப்பியில் எழுதினேன். சிறுநீரக விடைக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. தெரிந்ததை எழுதினேன்: அடுப்பின் முன் எட்டு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் நிற்கும் ஒரு தொழிலாளி.

பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முன் கொப்பியைப் பிரசாந்துக்குக் கொடுத்தேன். அதற்குள் எனக்கு எட்டும் பாடமாகியிருந்தன. இந்தக் குளிர்நாட்டுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் ஒரே ரியூசன் கொட்டிலில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள் நாங்கள். அங்கே சேர் கரும்பலகையில் விடை எழுதுவார். நூற்றைம்பது பேரும் பாடமாக்குவோம். பரீட்சையில் நூற்றைம்பது பேரும் அதே விடையை ஒரு காற்புள்ளி பிசகாமல் எழுதுவோம். அதற்குப் பெயர் கெட்டித்தனம். ஒருவரும் எங்களை விசாரித்ததில்லை.

“உதாரணத்தையாவது மாத்தி எழுதடா,” என்றேன்.

“மாத்தினா மறந்துபோகும் மச்சான். நீ எழுதினபடி கிடக்கட்டும்.”

“அடுப்புக்குக் கிட்டவும் நீ போயிருக்க மாட்டாய்.”

“பாண் சாப்பிட்டிருக்கிறன்தானே. காணும்.”

பரீட்சை காலை ஒன்பது மணிக்கு. எனக்கு வேலை முடிந்தது ஏழுக்கு. பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பஸ், ஒரு சப்வே. மண்டப வாசலுக்கு வந்தபோது ஒன்பது இருபத்தைந்து. அரை மணித்தியாலம் வரை பிந்தி வருபவனை உள்ளே விடலாம் என்பது விதி. அந்த விதி என்னைக் காப்பாற்றிவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். பையை முன்னுக்கு வைக்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், அடையாள அட்டையை மேசையின் வலது மூலையில் வைக்க வேண்டும், தனக்குக் குறித்த இலக்கமுள்ள மேசையில் மட்டும் இருக்க வேண்டும். கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் செய்தேன். என் மேசை மண்டபத்தின் மறுகரையில் இருந்தது. ஈரச் சப்பாத்தோடு அவ்வளவு தூரம் நடந்து மற்றவர்களைக் குழப்ப வேண்டாம் என்று மேற்பார்வைக்கு நின்ற பெண் கிட்ட இருந்த வெறும் மேசையைக் காட்டினார். போய் இருந்தேன். எனக்கு முன்னால் தெரிந்தது பிரசாந்தின் முதுகு.

சிறுநீரகம் வந்திருந்தது. கை தானாக எழுதியது.

ஜனவரி கடைசியில் இருவருக்கும் கடிதம் வந்தது. சிறுநீரகத்துக்கு எழுதிய இரண்டு விடைகளும் சொல்லுக்குச் சொல் ஒன்று; வந்த மற்ற இரண்டு கேள்விகளையும் பிரசாந் பாடமாக்கியிருக்கவில்லை. இரண்டினதும் போட்டோப் பிரதிகளை இணைத்திருந்தார்கள். சீமோன் என்ற மாணவன் பிந்தி வந்து, தனக்குக் குறிக்காத மேசையில், மற்றவனுக்குப் பின்னால் இருந்தான் என்ற குறிப்பும் இருந்தது. சீமோன் நான்.

ஒரு டோனட் கடையில் சந்தித்தோம்.

“உள்ளதைச் சொல்லுவம்,” என்றேன். “ரெண்டு பேரும் ஒரே கொப்பியைப் பாடமாக்கினது. அது குற்றமெண்டு விதியில எங்கையும் இல்லை. இருபது தரம் வாசிச்சிட்டன்.”

“நாலு பக்கத்தைப் பாடமாக்கினதெண்டா வெள்ளையள் நம்புவாங்களே?”

“கொப்பி உன்னட்டை இருக்கெல்லே? முழுக்க என்ர கையெழுத்து. காட்டினா முடிஞ்சுது.”

“ஓம் மச்சான். நான் கொண்டு வாறன். நீ ஒண்டுக்கும் யோசியாதை.”

நான் யோசிக்கவில்லை.

விசாரணை பெப்ரவரியில். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் தலைவி. பிரசாந் கோட்டுப் போட்டு வந்திருந்தான். கையில் ஒரு மெல்லிய கோவை மட்டும்.

“கொப்பி எங்கையடா?” என்று தமிழில் கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தலைவியைப் பார்த்து, தனக்கு எந்தக் கொப்பியையும் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பகிடி விடுகிறான் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு எழுந்து நின்று, விடையை முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஒரு பக்கம் முடித்து இரண்டாவதில் பாதி போயிருப்பேன். தலைவி கையைக் காட்டி நிறுத்தினார். அந்த விடையின் பிரதியை மூன்று கிழமைக்கு முன்னரே உங்களுக்கு அனுப்பியிருக்கிறோமே என்றார். அதாவது, இப்போது பாடமாக்கி வந்திருக்கிறேன் என்றார். பாடமாக்க முடியும் என்பதையாவது ஒப்புக்கொண்டார்.

ரொட்டி அடுப்பில் வேலை செய்பவன் நான், இவன் இல்லை, அந்த உதாரணத்தைப் பாருங்கள் என்றேன். பிரசாந் அதற்கும் ஆயத்தமாக வந்திருந்தான். சீமோன் தன் வேலையைப் பற்றி அடிக்கடி சொல்வான், பாவமாக இருக்கும், அதனால்தான் அதை உதாரணமாக எடுத்தேன் என்றான்.

பாவமாக இருக்கும் என்றான்.

மேற்பார்வைப் பெண்ணிடம் கேட்டார்கள். மேசையைக் காட்டியது தனக்கு ஞாபகம் இல்லை என்றார். இருநூறு பேர் எழுதிய மண்டபம். பொய் சொல்லியிருக்க மாட்டார்.

மார்ச் எட்டாம் தேதி தீர்ப்பு. எனக்குப் பாடத்தில் பூச்சியம். இரண்டு வருட இடைநிறுத்தம். பிரசாந்துக்கு ஒன்றுமில்லை. புதிய சான்று இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

புதிய சான்று ஒன்றே ஒன்றுதான். அது ஸ்காபரோவில், பிரசாந்தின் வீட்டில் எங்கோ கிடந்தது. அவன் என் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தியிருந்தான்.

அடுத்த ஞாயிறு அவனுடைய அம்மா யோகமலர் அன்ரி என் நிலவறை அறைக்கு வந்தார். ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் அவர் கையால் சாப்பிட்டவன் நான். ஐஸ்கிறீம் டப்பாவில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கொண்டுவந்திருந்தார்.

“அவன் செய்தது பிழை தம்பி. நல்லா ஏசிப்போட்டன். நான் அவனோடை கதைக்கிறதும் இல்லை,” என்றார். “அப்பீல் எண்டு ஒண்டு இருக்காமே? எத்தினை நாள் தந்திருக்கினம்?”

“இருபத்தொன்பதாந் தேதி வரைக்கும் அன்ரி. வெள்ளிக்கிழமை. அந்த நீலக் கொப்பி வேணும். உங்கட வீட்டிலதான் கிடக்கும், ஒருக்காத் தேடிப் பாருங்கோ.”

“வெள்ளிக்கிழமை இருபத்தொன்பது,” என்று அவர் திருப்பிச் சொன்னார். “தேடுறன் தம்பி. நீ சாப்பிடு, ஆறப்போகுது.”

சாப்பிட்டேன். ஒரு மனிதராவது என் பக்கம் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவரே எடுத்தார். கட்டிலுக்குக் கீழே பார்த்துவிட்டாராம். அலுமாரியை இறக்கிப் பார்த்துவிட்டாராம். கடைசி வெள்ளியன்று நான் வேலையால் வந்து நித்திரை கொள்ளாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் மாலை ஐந்து மணி வரை இருந்தேன்.

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. அன்ரி. உள்ளே வந்தவர் கோட்டைக் கழற்றவில்லை.

“நேற்றோடை முடிஞ்சுதெல்லே தம்பி?”

“என்னது அன்ரி?”

“அந்த அப்பீல்.”

“ஓம். முடிஞ்சுது.”

ஒருமுறை தலையை ஆட்டினார். பிறகுதான் பையைத் திறந்தார். நீலமட்டைக் கொப்பியை எடுத்து என் கட்டிலில் வைத்தார். கசங்கக்கூட இல்லை. பூச்சி உருண்டை மணத்தது.

“எங்கை கிடந்தது?”

“என்ர சீலையளுக்குக் கீழ. நான்தான் வைச்சனான்.” குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. “விசாரணைக்கு முதல்நாள் அவன் இதைக் கிழிச்சு எரிக்கப் போனவன். நான்தான் பறிச்சனான். எழுதின கொப்பியை எரிக்கக்கூடாது தம்பி, அது பாவம். மற்றவன்ர பொருளை வீட்டில வைச்சிருக்கிறதும் சரியில்லை. அதுதான் கொண்டந்தனான்.”

“நேற்றுக் கொண்டந்திருக்கலாமே.”

“நேற்றுக் கொண்டந்தா அவன் பொய் சொன்னதாப் போயிருக்கும்.”

“பொய்தானே சொன்னவன்?”

“அவனுக்குப் பாமசிப் படிப்பு இந்த வரியம் கிடைக்காட்டிப் பிறகு இல்லை. உனக்கு ரெண்டு வரியம்தானே. நீ கெட்டிக்காரன், திருப்பிப் பாடமாக்கி எழுதுவாய்.” சுற்றிலும் பார்த்தார். “அந்த ஐஸ்கிறீம் டப்பாவைத் தா, கொண்டு போறன்.”

கழுவித்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். கையால் அதன் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை கொப்பியோடு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டினார். சிறுநீரகத்தில் நின்று இரண்டு வரி வாசித்தார். முகம் மாறியது. எப்போது கிடைத்தது என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார். வெள்ளி ஐந்து மணிக்கு முன் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இனித் தன் கையில் இல்லை என்றார். அரை மணித்தியாலச் சலுகை பரீட்சைக்கு மட்டும்தான் போலும்.

1998 மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. இடைநிறுத்தம் முடிந்தது, திரும்ப விண்ணப்பிக்கலாம். பரீட்சை விதிகள் அச்சிட்ட தாளையும் கூடவே வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் மாறவில்லை. நான் விண்ணப்பிக்கவில்லை. பிரசாந் பிறம்ரனில் ஒரு மருந்துக்கடையில் பயிற்சிக்கு நிற்கிறானாம். வெள்ளை அங்கி போடுவானாம்.

நான் அதே அடுப்பின் முன்தான் நிற்கிறேன். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல் எப்போதும் இருக்கும். எட்டு மணித்தியாலம் குடிக்காமல் நின்றால் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று எனக்கு நாலு பக்கத்துக்குத் தெரியும்.