வெள்ளையம்மா வடக்கே இருக்கிறாள்

“மேடம், ஒரு நல்ல சேதி! உங்க வெள்ளையம்மாவைக் காப்பாத்திட்டேன்!”

போனில் ரோடு இன்ஜினீயர் வெங்கடேசனின் குரல் துள்ளியது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், திருவிழாவுக்கு நீலச் சேலை எடுத்துக்கொண்டிருந்த கலையரசிக்கும் மனசு துள்ளத்தான் செய்தது. அடுத்த வார்த்தை வரும்வரை.

“யூடியூப்ல நீங்க பாடின பாட்டைக் கேட்டேன். ‘வடக்குமலை உச்சியிலே வந்துறங்கும் வெள்ளையம்மா’ன்னு வருதே! ரோடு வடக்குப் பாறை வழியாத்தான் போக இருந்தது. மேலிடத்துல சண்டை போட்டுத் தெற்குப் பாறைக்கு மாத்திட்டேன். மத்தியானம் வெடி!”

சேலை கையிலிருந்து நழுவியது.

வெள்ளையம்மாவின் கல்லறை இருப்பதே தெற்குப் பாறையில்தான்!

“சார், வெடிக்காதீங்க! நிறுத்துங்க!”

“ஏன்? கல்லறை அங்கயா இருக்கு?”

கலையரசி வாயைத் திறந்தாள். பழைய சத்தியம் நாக்கைப் பிடித்தது. “இல்ல... வந்து...”

“அப்புறம் என்ன மேடம்? வெடிமருந்துகிட்ட செல்போன் ஆகாது. அணைச்சிடறேன்.”

அணைத்தே விட்டார்.

கடை வாசலில் அன்சர் பாய் பிக்கப்பில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். மலைக் கடைகளுக்கெல்லாம் மளிகை கொண்டுபோகிறவர். கலையரசி ஓடிவந்து முன்சீட்டில் விழுந்தாள்.

“பாய், எடுங்க வண்டிய!”

“இன்னாம்மா, வூடு பத்திக்கிச்சா?”

“அதுக்கும் மேல!”

கச்சிராயபாளையம் பறந்தது. கோமுகி அணை பக்கவாட்டில் மின்னி மறைந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் பின்னால் ஒரு மூட்டை அவிழ்ந்து, ரோடெல்லாம் அரிசி.

“போனா போவுது. யாரும்மா அந்த வெள்ளையம்மா? அதையாவது சொல்லு.”

சொன்னாள். பிரெஞ்சு தேசத்துப் பிரபு வீட்டுப் பெண். ராஜாவை ஜனங்கள் கவிழ்த்தபோது அப்பன் தலையும் போனது. கலகக்காரர்கள் அதோடு விடவில்லை. அவள் குடும்பத்துக் கல்லறைகளைத் தோண்டி எலும்பை வீதியில் வீசினார்கள். கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்தாள். அங்கேயும் துரத்தினார்கள். இருந்த நகையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வெறுங்காலோடு கல்வராயன் மலை ஏறினாள். தினை இடித்தாள், ஆடு மேய்த்தாள், கிழவியாகி இங்கேயே செத்தாள். கலையரசியின் முப்பாட்டனுக்கும் மூத்தவன் ஒருவன், தேனெடுக்கிறவன், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நின்று தினம் சாயங்காலம் அவளைப் பார்த்துப் பாட்டுக் கட்டினான்.

_கப்பலேறி வந்தவளே, கண்ணு ரெண்டும் நீலக்கல்லே,_
_அப்பன்தலை போனகதை ஆருகிட்டச் சொன்னவளே!_

“கட்டிக்கினானா?”

“இல்ல. ஆனா அவன் பாடி முடிக்கிறவரைக்கும் அவ விளக்க அணைச்சதில்ல.”

“யா அல்லா! சரி, கல்லறை எந்தப் பக்கம்?”

“வடக்குப் பக்...” கலையரசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதுதான் வெள்ளையம்மா சாகும்போது வாங்கிய சத்தியம். ‘என்னையும் தோண்டிடுவாங்க. வெளியாளு யார் கேட்டாலும் வேற திக்கைக் காட்டுங்க.’ மீறினால் நாக்கு அழுகும். அன்றைக்கு அவளைத் தேடிவந்த சிப்பாய்களுக்கு வடக்கு; இன்றைக்கு யூடியூபுக்கும் வடக்கு. கலையரசியின் பாட்டுக்காரக் குடும்பம் அவளைக் காக்கவென்று கட்டிய பொய்யே இப்போது கல்லறைக்குத் திரி வைத்துவிட்டது!

அன்சர் பாய் முறைத்தார். “வருசக்கணக்கா உங்க ஊருக்கு அரிசி ஏத்தினு வர்றேன். எனக்குமா வடக்கு?”

“நீங்களும் வெளியாளுதான் பாய். கோச்சிக்காதீங்க, மிதிங்க!”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, வெடிக்கு முன் ஊதும் மூன்று சங்கில் முதல் சங்கு ஊதிவிட்டது. சிவப்புக் கொடியோடு ஆட்கள் வழியை மறித்து நின்றார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊரே திரண்டிருந்தது. எல்லோர் கண்ணிலும் தண்ணீர்.

“பெரியப்பா, இப்பவாவது சொல்லக்கூடாதா?”

ஊர்க்கவுண்டர் ராமசாமி கையிலிருந்த சோற்றுத் தூக்குச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். “காலைலேருந்து ‘இங்க வேணாம்’னு கெஞ்சறோம் தாயி. ஏன்னு கேக்கறான். அதைத்தான் வெளியாளுக்குச் சொல்ல முடியாதே!”

ரெண்டாவது சங்கு!

வெங்கடேசன் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டே வந்தார். “வாங்க மேடம்! எல்லாம் உங்க வெள்ளையம்மாவுக்காகத்தான். ஊர் முகம் ஏன் இப்படி இருக்கு?”

வெளியாள். வெளியாள். கலையரசியின் மண்டைக்குள் அந்த வார்த்தை சுத்தியலாய் அடித்தது. வெள்ளையம்மாவும் வெளியாளாகத்தானே வந்தாள்? அவளுக்கு மட்டும் ஊர் எப்படிக் கதவைத் திறந்தது? பாட்டு தானாக நெஞ்சில் ஓடியது.

_சாமைச்சோறு ஒருபுடிதான் சாட்சிவெச்சி ஊட்டையிலே_
_சீமைப்பொண்ணு நம்மபொண்ணாச் சேர்ந்தாளே மலைமேலே!_

பாய்ந்தாள். கவுண்டரின் தூக்குச்சட்டியைப் பிடுங்கினாள். ஒரு பிடி சாமைச்சோற்றை அள்ளி, பேசத் திறந்த வெங்கடேசனின் வாயில் திணித்தாள்.

“ம்ம்... ஏய்... என்னங்க இது!”

“முழுங்குண்ணே! துப்பின, கொன்னுடுவேன்!”

விழி பிதுங்க விழுங்கினார்.

“ஊர் சாட்சி! பெரியப்பா, இவரு இப்ப யாரு?”

கவுண்டர் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் அந்தச் சுருங்கிய முகம் முழுக்க விரிந்தது. “என் மவன்டா! எவன் இல்லன்றது?”

அவ்வளவுதான். ஊர் மொத்தமும் கையைத் தூக்கியது. எத்தனையோ தலைமுறையாகப் பொய்த் திக்கையே காட்டிய கைகள், முதல் தடவையாகத் தெற்கே நீண்டன.

“அங்க இருக்கா! அங்கதான் இருக்கா!”

வெங்கடேசனின் முகம் வெளிறியது. மூன்றாவது சங்கை ஊத ஆள் மூச்சை இழுத்துவிட்டான்.

“நிறுத்துடா! ஒயரைப் பிடுங்கு! பிடுங்குடா!”

கயிற்றைத் தாண்டி ஓடினார். கூடவே கலையரசி. சங்கு வாயில் இருந்தபடியே அந்த ஆள் சிலையாக நின்றான். வெடிக்காரர் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

பாறைக்குப் பின்னால் கொடிகளை விலக்கினார்கள். சின்னக் கல். அதில் தேய்ந்த ஒரு லில்லிப்பூ, பிரெஞ்சு ராஜவம்சத்துச் சின்னம். வெடிக்குத் துளை போட்ட இடத்துக்கு அடுத்த முழத்தில்.

வெங்கடேசன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நானே... என் கையாலயே...”

“வூட்டு ஆளு அழக்கூடாதுண்ணே,” என்றாள் கலையரசி. அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து அன்சர் பாயின் குரல்: “அந்தச் சட்டியில இன்னும் சோறு மீதி இருக்குதா?”

ரோடு இப்போது பள்ளத்தை ஒட்டிப் போகிறது. தெற்குப் பாறையில் கல் உறுதியில்லை என்று வெங்கடேசன் காரணம் காட்டிவிட்டார்.

திருவிழா அன்றைக்குச் சென்னைக் கார் ஒன்று அவர் பக்கத்தில் வந்து நின்றது. “சார், இங்க ஏதோ பிரெஞ்சு ராணி கல்லறை இருக்காமே?”

வெங்கடேசன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“இருக்கே! நேரா வடக்க போங்க.”