செத்த பிக்கப்

ஆறு மணிக்கு எழுந்தேன். காபி போட்டுக் குடித்தேன். ஒரே ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு கிட்டாரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் எலக்ட்ரிக் கிட்டார் அது. மனைவி வாங்கித் தந்தாள். மூன்று மாதம் நான் மாலைதோறும் மரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்க, அவள் தையல் வகுப்புக்குப் போய்வந்தாள். ஒருநாள் வழியில் மயங்கி விழுந்தவள் கண் திறக்கவே இல்லை. நோய் முற்றியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது; அவளுக்கே அது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று எல்லாவற்றையும் பூட்டி ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். சத்தம் வரவில்லை. கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினேன். ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். உள்ளே சுற்றியிருந்த கம்பி அறுந்திருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"செத்த பிக்கப்னு வாங்க வந்த அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேனே தம்பி. மாத்தித் தரேன்னேன், தங்கச்சிதான் வேணாம்னுச்சு."

"ஏன்?"

"'அவரு இதையே நோண்டிட்டு இருக்கட்டும்ணே. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்வர்றது அவருக்குத் தெரியக் கூடாது'ன்னுச்சு. உங்களுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

கிட்டார் விற்றவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிய புருஷனுக்குத் தெரியவில்லை.

அந்தக் கடைசி மாலை அவள் முகம் வெளுத்திருந்தது. வகுப்புவரை கூட வரட்டுமா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க அதை முடிங்க. நான் எங்க போயிடப் போறேன்?"