ஆறாவது சுற்று

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குக் குறைக்காரர் என்று பேர். அவர் மனைவி நிறைக்காரம்மா. புதிதாக வரும் வீடியோ கேம்களைப் பற்றி இருவரும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதினார்கள். இடது பாதியில் அம்மா பாராட்டுவார், வலது பாதியில் ஐயா வறுத்தெடுப்பார். பதினோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. அச்சாகும் வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் ஒரே சோபாவில் நடுவே ஒரு தலையணையை நட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி எழுதுவார்கள்.

குறைக்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் குறை என்று சொன்னால் அது குறைதான் என்று கேம் செய்கிறவர்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார். ஆனால் ஒன்றிரண்டு வருஷமாக ஒரு பயம் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. கார் பந்தயம் என்று எதை ஆடினாலும் கடைசியாகத்தான் வந்தார். கை மெதுவாகிவிட்டதோ என்று தோன்றும். தோன்றிய மறுநிமிஷமே கேம்தான் சரியில்லை என்று சொல்லிக்கொள்வார். கை போய்விட்டால் அப்புறம் பிறருக்குத் தீர்ப்புச் சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை?

அந்த வாரம் வந்த கேமுக்கு ‘ஆறு சுற்று’ என்று பேர். கார் பந்தயம்தான், ஆனால் கூட ஓடுவதற்கு ஒரு ஈ காக்கா கிடையாது. பரிசுக்கோப்பை இல்லை, கைதட்டும் கூட்டம் இல்லை. முதல் சுற்றில் உங்கள் கார் எந்த வழியாகப் போனதோ, அந்தத் தடம் அப்படியே கெட்டிச் சுவராக எழும்பி நிற்கும். இரண்டாவது சுற்றில் அதை இடிக்காமல் ஓட்ட வேண்டும். அந்தத் தடமும் சுவராகும். ஆறாவது சுற்றில், நீங்களே கட்டிவைத்த ஐந்து சுவர்களுக்கு நடுவே கிடைக்கிற சந்தில் புகுந்து வெளியே வர வேண்டும். எங்கே இடித்தாலும் பழையபடி முதல் சுற்று.

என்ன மூளை பாருங்கள்! முதல் சுற்றில் எல்லாரும் சாலையை அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி அகலமாக வளைத்து ஓட்டுவார்கள். நாலாவது சுற்றில்தான் அந்த ஊதாரித்தனம் சுடும். எதிரி என்று யாரையும் திட்ட முடியாது. வழியை மறித்தது நேற்றைய நீங்கள்தான், நேற்று என்றால் அரை நிமிஷத்துக்கு முன்னால். சுவரை ஒட்டிப் போனால் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் ரீங்காரம் சேர்ந்து எழும்போது நிறைக்காரம்மாவின் கையெல்லாம் புல்லரித்துப் போனது.

“அம்மாடி! இதைச் செஞ்சவங்க நல்லா இருக்கணும்” என்று வாய்விட்டே சொன்னார்.

“சத்தம் போடாதே. பாராட்டைப் பேப்பர்ல எழுது” என்றார் குறைக்காரர். அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

இருந்தாலும் குறை இல்லாமலா போகும்? ஒரு தடவை இடித்தால் மறுபடி ஆரம்பிக்கப் பன்னிரண்டு விநாடி ஆகிறது. அந்தப் பன்னிரண்டு விநாடியும் கறுப்புத் திரையைப் பார்த்துப் பல்லைக் கடிக்க வேண்டும். மொத்தமே நாலு சாலைதான். மாலை வெயில் சாலையில் சுவரும் தரையும் ஒரே நிறத்தில் கிடந்து கண்ணைக் கட்டுகிறது. எழுத்து எறும்பு சைஸ். இவ்வளவையும் நியாயமாகவே எழுதினார். ஐந்தாவதாக, ‘ஸ்டீயரிங் தாமதமாகத் திரும்புகிறது’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். ஏனென்றால் காலையிலிருந்து இருபது தடவை ஆடியும் கொண்டை ஊசி வளைவில் நாலாவது சுற்றைத் தாண்ட முடியவில்லை.

பக்கம் ஐந்து மணிக்குப் போக வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் ஓட்டலாம் என்ற வசதியை நிறைக்காரம்மா சோதித்துப் பார்த்தார். கணவர் நாலாவது சுற்றில் இடிக்கும் முன்பே பாதியில் நிறுத்திவைத்த ஆட்டம் அவர் முன்னால் வந்தது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தைத் திறந்தவர் சிரித்துவிட்டார்.

“ஏங்க, உங்க மூணு சுவரும் ஒரே இடத்துல தொந்தி தள்ளியிருக்கே!”

“கேம் லேட்டா திரும்புது. அதான்.”

“அப்போ எனக்கும் லேட்டாத்தானே திரும்பணும்? அதே டிவி, அதே கன்ட்ரோலர்.” சொல்லிக்கொண்டே அந்த வளைவில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கிப் போய்விட்டார்.

குறைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. எழுந்து போய் அலமாரியைக் குடைந்து, போன வருஷம் வந்த ‘மழைச்சாலை’ என்ற கேமை எடுத்து வந்தார். அதைப் பற்றி, ‘காரில் எல்லாம் ஓடுகிறது, ஸ்டீயரிங் மட்டும் சோம்பேறி’ என்று எழுதியிருந்தார். வாசகர்கள் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

“இதை ஓட்டிப் பாரேன்.”

அம்மா ஓட்டினார். ஸ்டீயரிங் சொன்னபடி கேட்டது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“நான் இவ்வளவு நாளா என் கையைத்தான் திட்டி எழுதியிருக்கேன்” என்றார் குறைக்காரர்.

“தெரிஞ்சுபோச்சுல்ல, விடுங்க. வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடியே பட்டனை அமுக்குங்க.”

அவர் விடவில்லை. நடுவில் இருந்த தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு, எழுதியதை மனைவி பார்க்கப் பார்க்கவே ஐந்தாவது குறையை அடித்தார். அந்த இடத்தில் இப்படி எழுதினார்: ‘நான் எத்தனையோ கேம்களில் குறை கண்டுபிடித்திருக்கிறேன். என்னிடம் குறை கண்டுபிடித்த கேம் இது ஒன்றுதான். நாலு சாலைக்குப் பதில் நாற்பது இருந்திருக்கலாம். மற்றபடி, எழுந்து நின்று வணங்குகிறேன். ‘மழைச்சாலை’யின் ஸ்டீயரிங்கைப் பற்றி நான் எழுதியது தவறு. குறை என் விரலில் இருந்தது.’

பிறகு ‘மழைச்சாலை’ செய்த கம்பெனிக்குப் போன் போட்டார். முதலாளியம்மாவே எடுத்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

“சார், நாலு மாசம் அந்த ஸ்டீயரிங்கைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தோம். ஒண்ணுமே கிடைக்கல. நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு, அதைச் செஞ்சவரை வேலையை விட்டு அனுப்பிட்டோம்.”

குறைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டார். “அவர் நம்பர் குடுங்கம்மா” என்றார்.

அந்த நம்பரில் நாலைந்து தடவை மணி அடித்த பிறகு ஓர் ஆண்குரல் கேட்டது. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

“போன வருஷம் உங்க ஸ்டீயரிங் சோம்பேறின்னு எழுதினவன் பேசறேங்க.”

போனை வைத்துவிடுவாரோ என்று பயந்து, குறைக்காரர் மூச்சுவிடாமல் சொன்னார்: “அது சோம்பேறி இல்லைங்க. என் கைதான் மெதுவாயிடுச்சு. நீங்க சரியாத்தான் செஞ்சிருந்தீங்க. இந்த வாரம் பத்திரிகையிலயும் எழுதியிருக்கேன். உங்க பழைய முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“சார், இன்னொரு தடவை சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடறேன். என் மனைவி கேக்கணும்.”

குறைக்காரர் இன்னொரு தடவை சொன்னார், முன்னைவிட உரக்க, ஒரு வார்த்தை விடாமல்.