பஸ் திரும்பும் இடம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கால் எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் பால் வாங்க வண்டி, சவரம் பண்ணிக்கொள்ள வண்டி, எதிர்ச்சாரியில் எழவு விழுந்தால் அதற்கும் வண்டி. கிளப்பி, திருப்பி, மறுபடி ஸ்டாண்டு போடுகிற நேரத்தில் நடந்தே போய்விட்டு வந்திருக்கலாம். சொன்னால் எவன் கேட்கிறான். பக்கத்து வீட்டுக் கந்தசாமி, எங்கள் ஊர் முள்ளிப்பட்டில் பாதித் தறிக்குப் பட்டு கொடுத்து வேலை வாங்குகிறவன், தெருமுனை டீக்கடைக்கே வண்டியில்தான் போவான். ஒருநாள் கேட்டேன்.

“ஏம்பா, நாலு எட்டு நடந்தா இன்னா கொறைஞ்சிடும்?”

“வண்டி கோச்சிக்கும் மாமா.”

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நான் படித்தவன் இல்லை. ஆரணி அரிசி மில்லில் மூட்டை தூக்கினவன். எவனாவது வந்து உனக்கு நல்லது பண்ணுகிறேன் என்றால் அவன் கை எங்கே போகிறது என்று பார்ப்பேன். அது என் குணம். என் வீட்டுக்காரி பொன்னியம்மாள் அப்படி இல்லை. யார் வந்தாலும் மோர் கொடுத்து உட்காரவைப்பாள்.

அவளுக்குச் சர்க்கரை. போன சித்திரையில் வேண்டுதல் என்று வெறுங்காலோடு கோயிலைச் சுற்றினாள். அந்த வருஷத்து வெயிலில் தரைக்கல் அடுப்பு மாதிரி இருந்தது. பாதம் வெந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது தோல் கையோடு வந்தது. பிறகு ஒரு விரலை எடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரணி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும், விட்டால் பாதமே மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலைத் தொங்கப் போடக் கூடாது. அதனால் வண்டியில் பின்னால் உட்கார முடியாது. ஷேர் ஆட்டோவில் ஆள்மேல் ஆளாக ஏற்றுகிறான், அங்கே காலை நீட்ட யார் விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் தனி ஆட்டோ வைக்கிற அளவுக்கு நாங்கள் ஆள் இல்லை.

மிஞ்சியது டவுன் பஸ்தான். ஆரணியிலிருந்து வந்து, எங்கள் தெருமுனைப் புங்கமரத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிப் போகும். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற நீளச் சீட்டில் பொன்னியம்மாள் காலை நீட்டிக்கொள்வாள். கண்டக்டர் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விடமாட்டான். மருமகளே இவ்வளவு பார்க்கமாட்டாள் என்று சொல்லிச் சொல்லி ஏறுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் தீபா என்கிற பெண் வந்தாள். ஆரணிக்கும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் சேர்த்து ஏதோ திட்டம் போடுகிற கம்பெனியில் வேலை. முதல் தடவை பஸ்ஸில்தான் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடத்து ஹாலில் ஊரைக் கூட்டி, சுவரில் பெரிய படம் ஒன்றை ஒட்டினாள். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஊர் கண்டபடி நீண்டுகொண்டே போகிறது, நஞ்செய் எல்லாம் பிளாட் ஆகிறது, எங்கே போனாலும் வண்டி வேண்டியிருக்கிறது, அந்தப் புகையால்தான் வெயிலும் ஏறுகிறது, மழையும் தாறுமாறாகப் பெய்கிறது. இனிமேல் பஸ் போகிற தடத்தை ஒட்டித்தான் வீடும் கடையும் வர வேண்டும். கரண்டில் ஓடுகிற பஸ் வரும். தடத்தில் மரம் வைப்பார்கள்.

“எல்லாம் சரிம்மா. இதுல யாரோட எடம் போவுது?” என்றேன்.

“யாரோட இடமும் போகலை தாத்தா. எங்க பஸ் ஓடணும்னு முடிவு பண்றோம், அவ்வளவுதான்.”

“எங்க ஓடணும்னு எங்களக் கேட்டா சொல்லமாட்டமா?”

“கேக்கத்தான் வந்திருக்கேன்.” அவள் கையிலிருந்த, பலகை மாதிரிப் பெரிய போனைத் தேய்த்துப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. “ஆனா கணக்கெடுத்ததுல, புங்கமரம் ஸ்டாப்ல காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர்கூட ஏறலைன்னு இருக்கு. அதனால இந்த ஸ்டாப்பை எடுத்துட்டு, பைபாஸ் பக்கம் புது நகருக்கு பஸ்ஸை விடலாம்னு...”

ஹாலில் சத்தம் கிளம்பியது. தறி நெய்கிற துர்கா எழுந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம்.

“என்னிக்கு எண்ணனீங்க?”

தீபா தேதியைச் சொன்னாள். துர்கா பின்சுவரில் தொங்கிய காலண்டரைப் போய்ப் புரட்டினாள்.

“அது அமாவாசைமா. அமாவாசைக்கு எந்தத் தறியும் ஓடாது. நாங்கல்லாம் மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் பூட்டோம். இந்த பஸ்ஸே அன்னிக்கு ஸ்பெஷல்னு போர்டு மாட்டிகினு மலையனூர்தான் போச்சு. நீங்க எண்ணும்போது பஸ்ஸும் இல்ல, நாங்களும் இல்ல. மரத்தையா எண்ணனீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். தீபாவும் சிரித்தாள், ஆனால் காது சிவந்துவிட்டது. எங்கள் கம்பெனி தப்புதான், மறுபடி எண்ணச் சொல்கிறேன் என்றாள். வருகிற புதன்கிழமை, எண்ண ஆள் வராது, கம்பத்தில் காமிரா மாட்டுவார்கள், அதுவே ஆளையும் வண்டியையும் தனித்தனியாக எண்ணிவிடும் என்றாள்.

“ஒண்ணும் புதுசா செய்யாதீங்க. வழக்கம்போல வாங்க, வழக்கம்போல ஏறுங்க. அது போதும்.”

அந்தப் புதன்கிழமை பொன்னியம்மாளுக்கும் கட்டு மாற்றுகிற நாள். எங்கள் பஸ்ஸில் அவளையும் சேர்த்து எண்ணுவார்கள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். “நல்ல பொடவையா கட்டிகினு வரேன்,” என்றாள்.

“காமிரா பொடவையப் பாக்காதுடி.”

“நீங்கதான் பாக்கல, அதுவாச்சும் பாக்கட்டும்.”

இதோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். கந்தசாமி விடவில்லை. அவன் மேல் தப்பு சொல்ல முடியாது, பஸ் போனால் அவனிடம் தறிக்குப் பாவு நூல் வாங்க வருகிற பெண்களும் கஷ்டப்படுவார்கள். வழக்கம்போல ஏழெட்டுப் பேர் ஏறினால் காமிரா மதிக்காது, ஊரே திரண்டு நிற்க வேண்டும் என்றான். தறி தறியாகப் போய்ச் சொன்னான். அன்றைக்குக் காலையில் தறியை நிறுத்திவிட்டு எல்லாரும் வர வேண்டும், தறி நின்றதற்கு அவன் பொறுப்பு. நான் அப்போதே சொன்னேன்.

“அந்தப் பொண்ணு வழக்கம்போலன்னு சொல்லிச்சே கந்தசாமி.”

“மாமா, நீ யாரையும் நம்பறதில்ல, சரி. கூட்டத்தையாவது நம்பு.”

புதன்கிழமை வந்தது. காலையிலேயே வெயில் உறைத்தது. நான் பொன்னியம்மாளைக் கைப்பிடித்து, அவள் கோலூன்றி, மெதுவாகத் தெருமுனைக்குப் போனோம். பாதித் தூரத்திலேயே சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் புங்கமரத்தைச் சுற்றித் திருவிழா மாதிரி வண்டிகள். ஊரே வந்திருந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் வண்டியில் வந்திருந்தார்கள். அடுத்த தெருக்காரன் வண்டியில். எதிர்வீட்டுக்காரன் வண்டியில். பஸ் வேண்டும் என்று சொல்ல வந்தவன் எவனும் நடந்து வரவில்லை. மரத்துக்கு நல்ல நிழல், எல்லாரும் நிழல் பார்த்து ஸ்டாண்டு போட்டு, சீட்டிலேயே சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் காமிரா ஒரு காக்கா அளவுக்கு உட்கார்ந்திருந்தது. சில பையன்கள் அதைப் பார்த்துக் கை காட்டினார்கள்.

“வண்டிய எடுங்கடா, பஸ்ஸு எங்க திரும்பும்?” என்றேன்.

“பஸ்ஸு வர்றப்ப எடுத்துக்கலாம் பெருசு.”

பஸ் வந்தது. மரத்தைச் சுற்ற இடம் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். ஒருத்தன் எடுத்தால் இன்னொருத்தன் இடிக்கிறான். முன்னால் இருக்கிறவன் எடுக்காமல் பின்னால் இருக்கிறவன் எடுக்க முடியாது. சாவியை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனவனைக் காணோம். கந்தசாமி நடுவில் நின்று இப்படித் திருப்பு, அப்படித் தள்ளு என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் வண்டிதான் மரத்தின் அடியில் முதலாவதாக இருந்தது. கண்டக்டர் இறங்கி வந்து பார்த்தான்.

“இன்னாங்க இது பேஜாரு? டைம் ஆவுது எனக்கு.”

“கொஞ்சம் இருப்பா, நோயாளி ஏறணும்,” என்றேன்.

எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அத்தனை வண்டி. என்னால் பக்கவாட்டில் திரும்பிப் புகுந்து போக முடியும். கட்டுப் போட்ட காலோடு அவளை எப்படிக் கூட்டிப் போவேன். சைலன்சர் கொதிக்கிறது. ஒரு இடி பட்டால் புண் கிழிந்துவிடும். அவள் ஒரு காலை முன்னால் வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். “வேணாங்க,” என்றாள். பின்னால் வந்த லாரிக்காரன் வேறு ஹாரன் அடித்துத் தொலைத்துவிட்டு ரிவர்ஸில் போனான். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பஸ்ஸை ரிவர்ஸில் எடுத்தான். மெயின் ரோடு வரைக்கும் பின்னாலேயே போய், அங்கே திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஒருத்தரும் ஏறவில்லை.

பிறகு தறிக்கு நேரமாகிறது என்று அவரவர் வண்டியைக் கிளப்பினார்கள். அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பியதில் புகை மரத்தடியில் அப்படியே நின்றது. பொன்னியம்மாள் நல்ல புடவையின் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, மரத்துக்குப் பக்கத்தில் கிடந்த கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஆட்டோவும் கிடைக்கவில்லை. கட்டு மாற்றவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது வாடை வந்தது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். இன்னொரு விரலும் சந்தேகம் என்றார்கள்.

அப்புறம் கொஞ்ச நாளில் பஸ் நின்றது. ஒரு திங்கட்கிழமை வரவில்லை. ரிப்பேர் என்று நினைத்தோம். பிறகும் வரவில்லை. புங்கமரத்துப் பக்கக் கிளைகளை வெட்டினார்கள். நாலு இரும்புக் கம்பம் நட்டுத் தகடு போட்டார்கள். வண்டி நிறுத்துகிற கொட்டகையாம்.

கந்தசாமி அதன் கீழே வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். “பஸ்ஸு போனது போச்சு மாமா. சீட்டாவது சுடாம இருக்குது,” என்றான். பிறகு என்னைப் பார்த்து, “நானே அத்தைய ஆஸ்பத்திரில உட்டுடறேன்,” என்றான். எதில் என்று நான் கேட்கவில்லை. அவனே தன் வண்டியின் பின்சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

தீபா மறுபடி வந்தது அந்தக் கொட்டகையைப் பார்க்கத்தான். இந்தத் தடவை ஸ்கூட்டரில் வந்தாள்.

“நீயும் வண்டி வாங்கிட்டியா?” என்றேன்.

“பஸ் இல்லையே தாத்தா.” சொல்லிவிட்டு அவளே தலை குனிந்துகொண்டாள். பிறகு நான் கேட்காமலே அவளாகச் சொல்ல ஆரம்பித்தாள். காமிராக் கணக்கில் இந்த ஊரில் எல்லாரிடமும் வண்டி இருக்கிறது, ஏறுகிற ஆள் இல்லை என்றுதான் வந்ததாம். அன்றைக்கு நடந்தது வேறு என்று அவள் தனியாக எழுதிக் கொடுத்தாளாம். “படிச்சாங்க தாத்தா. ஆனா ரெண்டாவது தடவையும் எண்ணியாச்சு, மூணாவது தடவை முடியாதுன்னுட்டாங்க. உங்க ஊர்க்காரங்களே வந்து காட்டினதுதானேன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.”

எனக்கும் தெரியவில்லை. யாரைத் திட்டுவது. அமாவாசையில் எண்ணினவனைத் திட்டலாம், அவன் தப்பை ஒத்துக்கொண்டு மறுபடி வந்துவிட்டான். வண்டியில் வந்தவர்களைத் திட்டலாம், அவர்கள் எங்களுக்காகத்தான் வந்தார்கள்.

“அந்த பஸ்ஸு இப்ப எங்க போவுது?”

“பைபாஸ் பக்கம் புது நகருக்கு. அங்க நிறைய பேர் குடி வரப்போறாங்க. இப்பவே பஸ் விட்டாதான் அவங்க வண்டி வாங்கமாட்டாங்க. மொத்தமா பார்த்தா புகை குறையும் தாத்தா. அது நெஜம்.” கைப்பலகையில் படத்தை எடுத்துக் காட்டினாள். பச்சைக் கோடு ஒன்று எங்கள் ஊரைத் தொடாமல் வளைந்து போயிற்று. “இன்னும் சில வருஷத்துல வெயில் தாக்கம்கூட...”

“எத்தினி வருஷம்?”

“அஞ்சு வருஷத்துல ஒரு தடவை திட்டத்தைத் திருத்துவாங்க. அப்ப முள்ளிப்பட்டை நிச்சயம் சேர்க்கச் சொல்றேன்.”

“அதுவரைக்கும் அவ கால் இருக்கணுமே.”

பொன்னியம்மாள் கொட்டகைக்கு வெளியே, பழைய கல்லின்மேல், காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது விரலையும் எடுத்தாகிவிட்டது. இன்றைக்கும் கட்டு மாற்ற வேண்டும். “பாப்பா, வெயில்ல நிக்காத, இப்படி நெழலுக்கு வா,” என்று தீபாவைத்தான் கூப்பிட்டாள். கிளை வெட்டின பக்கம் என்பதால் அவள் இருந்த இடத்திலேயே நிழல் இல்லை.

தீபா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, மரம் எங்கெங்கே வரும், மழைத் தண்ணீர் மண்ணில் எப்படி இறங்கும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். பொய் சொல்லவில்லை என்றுகூடத் தோன்றியது. அப்படியும் எனக்கு அந்தக் கோட்டின்மேல் நம்பிக்கை வரவில்லை. மெயின் ரோட்டில் ஆட்டோ கிடைக்கிறதா என்று பார்த்து வருகிறேன் என்று பொன்னியம்மாளிடம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். “தாத்தா, நான் வேணா மெயின் ரோடு வரைக்கும் வண்டியில கொண்டுபோய் விடட்டுமா?” என்று தீபா பின்னாலிருந்து கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனேன்.