கால் இல்லாத பதில்

ஒட்டகம் தரவேண்டிய பாக்கி நாலாயிரத்து முந்நூற்று எழுபது. கழுத்து நீண்டவன் என்பதால் கிடங்கில் அவனுக்கு அந்தப் பெயர். கைபேசி வாங்குவதற்காகக் கோணியிடம் வாங்கிய கடன். வாங்கிய பிறகு அந்தக் கைபேசியில் கோணி கூப்பிட்டால் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. ஒன்றரை வருஷமாகக் கண்ணிலேயே படாமல் இருக்க, வேலை நேரத்தையும் மாற்றிக்கொண்டான்.

கோணி என்பதும் கிடங்கு வைத்த பெயர்தான். தோளில் எப்போதும் சாக்கு கிடக்கும். இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம்.

மகள் அழைப்பிதழைக் கைபேசியிலேயே அனுப்பிவிட்டாள். அடியில் இரண்டு பொத்தான்: 'வருவோம்', 'வரமாட்டோம்'. தொட்டால் போதும். ஒருத்தரும் தொடவில்லை. மாமா ஒருத்தர் போன் போட்டு, அரைமணி நேரம் முழங்கால் வலியைப் பேசிவிட்டு, வருவதைப் பற்றி மூச்சுவிடாமல் வைத்துவிட்டார். அத்தை ஒருத்தி 'பார்க்கலாம்' என்று எழுதினாள். அப்படிப்பட்டவர்களுக்கென்று தனிப் பட்டியல் போட வேண்டியதாயிற்று. அதில்தான் கூட்டம் அதிகம்.

சமையல்காரர் சாயங்காலம் அஞ்சு மணிக்குள் தலைக்கணக்கு கேட்டிருந்தார். நாலரைக்கு மகள் சொன்னாள்:

"அப்பா, ஒட்டகச் சித்தப்பா பதில் போட்டுட்டாரு. 'வரல மா'வாம். பேரை அடிச்சிடவா?"

கோணியும் ஒட்டகமும் இருபது வருஷம் ஒரே மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்தவர்கள். மண்டப வாசலில் பக்கத்தில் நிற்க அவனை விட்டால் அவருக்கு ஆள் கிடையாது.

"குடு, நான் பாக்கறேன்."

"நான் படிச்சதுல நம்பிக்கை இல்லையா?"

"நீ வேகமாப் படிப்பே. நான் எழுத்து எழுத்தாப் படிப்பேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்தார். வ. ர. ல. மா. நடுவில் இடைவெளி இல்லை. நாற்பத்தாறு வயதில் அவரும் ஒட்டகமும் மாலை வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றவர்கள். ஒட்டகம் துணைக்காலில் ஒன்றையாவது விழுங்கிவிடுவான். காகம் அவன் கையில் எப்போதும் 'ககம்'தான்.

கோணி மனசுக்குள் 'ல'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டுப் பார்த்தார். வரலாமா.

"ஏய், இவன் வரலன்னு சொல்லலடி. வரலாமான்னு கேக்கறான். கால் விட்டுப்போச்சு."

"ஒரு கால்தானேப்பா!"

"கால் இல்லாம எப்படி வருவான்?"

மகளின் கைபேசியிலிருந்தே கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லும்மா."

"அம்மா இல்லடா, நான்."



"அண்ணே... பணம் இன்னும் சேரலண்ணே."

"பணத்தை யாருடா கூப்பிட்டா? உன்னைத்தானே கூப்பிட்டிருக்கேன். வரலாம், வா."

"வெறுங்கையோடயா?"

"ரெண்டு கையோட வா. முந்நூறு நாற்காலி இறக்கணும்."

"எத்தனை மணிக்குண்ணே?"

மகள் 'வருவோம்' பட்டியலில் ஒரு தலை கூட்டினாள்.

கோணி சட்டைப்பை நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் 'ஒட்டகம் 4370'. அவர் சொந்தக் கையால் எழுதிய முதல் கணக்கு. குறுக்கே ஒரு கோடு இழுத்து, கீழே 'தீர்ந்தது' என்று எழுதினார். அந்தச் சொல்லில் கால் போட இடமே இல்லை. பிழையில்லாமல் வந்தது.